விரற்பதிவும் தன்மானமும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை இப்பேரவையின் முன் வரவுள்ள தீர்மானங்களுள் இரண்டு, யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோடு நேரே தொடர்புடையன. ஒன்று, நம் சங்கத்தின் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்குங்கால், குழந்தைகள் உட்பட உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஆதார் அட்டையின் படியைக் கட்டாயமாக அளித்தல் வேண்டும் என்பது. மற்றொன்று, நம் மாணவர் விடுதியில் பிள்ளைகளின் வருகையைக் குறித்தற்கு விரற்பதிவுப் பொறியொன்றை நிறுவுதல் வேண்டும் என்பது. இவற்றைக் கொணர்ந்த அன்பர்கள் சங்கத்தின் நலம் ஒன்றையே கருதியவர்கள். போலி உறுப்பினர் புகுதலும், உதவிப்பணம் உரியவர்க்குச் சேராமற் போதலும் கூடாவென்னும் அவர்தம் கவலை நியாயமானதே. ஆயினும் நல்ல நோக்கத்தோடு தொடங்கும் செயல் யாவும் நல்ல முடிவையே தரும் எனல் பொருந்தாது. ஆதலின், வாக்களிக்குமுன் இப்பொருளின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோமாக.

கணையாழியும் சிலம்பும்

ஒருவர் இன்னார் என்பதற்கு அடையாளம் காட்டுதல் நம் இலக்கியங்களுக்குப் புதிதன்று. இராமன் கணையாழியை அனுமனிடம் தந்தான். அதனைக் கண்டே, வந்தவன் வஞ்சகன் அல்லன் எனச் சீதை தெளிந்தாள். ஈண்டு நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கணையாழியை உரியவனே விரும்பிக் கொடுத்தான். ஒருவர்க்குக் காட்டுமாறு, ஒரு காரியத்தின்பொருட்டு மட்டும் கொடுத்தான். காரியம் முடிந்ததும் அதன் வேலையும் முடிந்தது.

சகுந்தலையின் கதை இதற்கு மாறானது. அவள் மோதிரம் நீரில் விழுந்து மீன் வயிற்றுட் சென்றது. மோதிரம் இல்லாமையால், மணந்த மன்னனே அவளை யாரென்று வினவினான். நிறைசூலியாய் நின்றவள் அவைக்களத்தினின்று வெளியேற்றப்பட்டாள். அவள் பொய் சொன்னாளல்லள். அவள் கையில் அடையாளப் பொருள் இல்லை, அவ்வளவே. மதுரையில் நிகழ்ந்ததோ இன்னும் கொடிது. ஒரு சிலம்பின் புறத்தோற்றத்தையும் ஒரு பொற்கொல்லன் சொல்லையும் நம்பி, வினவாமலே கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். சிலம்பை உடைத்து உள்ளிருந்த மாணிக்கத்தைக் காட்டியபொழுது உண்மை விளங்கிற்று. ஆனால் மாண்டவன் மீளவில்லை. அடையாளம் மனிதனுக்குத் துணையாக வந்தது. மனிதனை விட அடையாளமே பெரிதென்று அரசு கருதத் தொடங்கும்பொழுது அறம் பிறழ்கின்றது. நாம் இன்று பேசவிருப்பன அனைத்தும் இவ்வொரு கருத்தின் விரிவேயாம்.

விரற்பதிவு பிறந்த வரலாறு

கைவிரல் வரியைக் கொண்டு மனிதரை அறியும் முறை பரந்த அளவில் ஆட்சிக்கருவியாகியது நம் நாட்டிலேயே என்பதைப் பலர் அறியார். 1858-ஆம் ஆண்டு வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்னுமிடத்தில் ஆங்கில அதிகாரியாயிருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைப் பொருள் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பாரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தாளின் பின்புறத்திற் பதித்துக்கொண்டார். கையொப்பத்தைப் பின்னர் மறுத்துரையாதபடி அவரை அச்சுறுத்துவதே தம் எண்ணம் என்று ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதினார். பிறந்த நாளிலேயே இக்கருவி ஐயுறவையும் அச்சத்தையும் உடன்கொண்டு பிறந்தது. 1877-ஆம் ஆண்டு ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோர்க்கும், பத்திரப் பதிவிற்கும், சிறைக்கைதிகளுக்கும் அவர் இம்முறையை வழங்கினார்.

பின்னர் வங்கக் காவல்துறைத் தலைவராயிருந்த எட்வர்டு ஹென்றியின் கீழ், அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இந்திய அலுவலர் இருவரின் அறிவுழைப்பால், விரல் வரிகளை வகைப்படுத்தும் முறை உருவாயிற்று. 1897-ஆம் ஆண்டு கல்கத்தாவில் விரற்பதிவு நிலையம் தோன்றியது. புகழ் ஹென்றியின் பெயரில் நின்றது. உழைத்த இருவர் பெயரும் நெடுநாள் மறைந்திருந்தன. 1901-ஆம் ஆண்டு இலண்டன் காவல்துறையும் இம்முறையை ஏற்றது. ஆக, ஆளப்படும் குடிகள்மீது முதலிற் செய்து பார்த்தபின்னரே, இது ஆள்வோர் நாட்டிற்குச் சென்றது.

டிரான்ஸ்வாலில் தமிழர் செய்த தியாகம்

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு சட்டவரைவு வெளியாயிற்று. எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள ஆசியர், ஆண் பெண் குழந்தை அனைவரும், அரசு அலுவலகத்திற்குச் சென்று விரல்களைப் பதித்துச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். காவலர் கேட்ட இடத்திலெல்லாம் அதனைக் காட்டுதல் வேண்டும் என்பது அதன் சாரம். விரற்பதிவைப் பற்றி ஹென்றி எழுதிய நூலைக் காந்தியடிகள் தேடிப் படித்தார். சட்டத்தின் வலிமையால் விரற்பதிவு கொள்ளப்படுவது குற்றவாளிகளிடம் மட்டுமே என அதனால் அறிந்ததாக அவர் எழுதியுள்ளார். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோஹானஸ்பர்க் நகரில் எம்பயர் நாடக அரங்கிற் கூடிய பெருங்கூட்டத்தில், அச்சட்டத்திற்குப் பணிவதில்லையென இந்தியர் சூளுரைத்தனர். சத்தியாக்கிரகம் பிறந்த நாள் அதுவே. அதன் தொடக்கம் ஓர் அடையாளச் சீட்டை மறுத்ததில் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் நன்கு மனங்கொள்ள வேண்டும்.

1907-ஆம் ஆண்டு சட்டம் நிறைவேறியது. பதிய மறுத்தோர் 1908 சனவரியில் சிறை புகுந்தனர். அவர்களுள் முன்னின்றவர் தமிழர் தலைவர் தம்பி நாயுடு. சிறையிலிருந்து ஸ்மட்ஸ் என்னும் அமைச்சருக்குச் சென்ற உடன்பாட்டுக் கடிதத்தில் காந்தியடிகளும், சீனர் தலைவர் லியுங் குவினும், தம்பி நாயுடுவும் ஒப்பமிட்டனர். கட்டாயச் சட்டத்தை நீக்கினால் தாமே விரும்பிப் பதிந்துகொள்வோம் என்பது அவ்வுடன்பாடு.

ஈண்டுச் சிலர் ஐயுறுவர்: நேற்றுவரை மறுத்த விரற்பதிவை இன்று கொடுக்கலாமோ? அவ்வாறு ஐயுற்ற பத்தானியர் ஒருவர் 1908 பிப்ரவரி 10-ஆம் நாள் காந்தியடிகளைத் தெருவில் வீழ்த்தி அடித்தார். உடன் சென்ற தம்பி நாயுடுவும் காயமுற்றார். அடிபட்டுக் கிடந்த படுக்கையிலேயே காந்தியடிகள் தம் விரல்களைப் பதித்துக் கொடுத்தார். மையில் மாசு இல்லை, கட்டாயத்திலேயே மாசு உள்ளது என்பது அவர் கொள்கை. கள்வன் என்று ஐயுற்று ஒருவன் கையை அரசு பற்றியிழுத்தலும், உடன்பட்ட ஒருவன் தன் கையைத் தானே நீட்டுதலும் ஒன்றாகா. இந்நுட்பத்தை நாம் மறத்தலாகாது.

சட்டம் நீக்கப்படவில்லை. வாக்குத் தவறியதெனக் கண்ட இந்தியர், அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோஹானஸ்பர்க்கின் அமீதியா மசூதி முற்றத்திற் கூடி, இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட சான்றிதழ்களைக் கொப்பரையிலிட்டு எரித்தனர். அடுத்த ஆண்டு, சாமி நாகப்பன் என்னும் இளைஞர் சிறையிற் பட்ட துன்பத்தால் நோயுற்று, விடுதலையான சில நாட்களுள் 1909 சூலையில் உயிர் நீத்தார். கற்றாரும் செல்வருமாய் இருந்தார் சிலர் தளர்ந்த காலத்தும், கூடை சுமந்து காய்கனி விற்ற எளிய தமிழ் மக்கள் மீண்டும் மீண்டும் சிறை சென்றனர். அவர்கள் எழுத்தறியாதவர்களாய் இருந்திருக்கலாம். தன்மானம் இன்னதென்று அறியாதவர்கள் அல்லர்.

பெருங்காமநல்லூர்

கடல் கடந்த நாட்டிற்குச் செல்வானேன்? நம் மதுரைச் சீமையிலேயே இதனினும் பெரிய கொடுமை நிகழ்ந்தது. 1871-ஆம் ஆண்டு வடநாட்டிற் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அதன்படி ஒரு குலம் முழுவதையும் குற்றக்குலம் என அரசு அறிவிக்கலாம். அக்குலத்திற் பிறந்தவர் பெயர் பதிவேட்டில் ஏறும், விரற்பதிவு கொள்ளப்படும், ஊர்விட்டு ஊர் செல்ல இராதாரிச் சீட்டு வேண்டும், இரவில் காவலர் குறித்த இடத்தில் தங்கவேண்டும். குற்றம் செய்தமைக்கன்று இத்தண்டனை, பிறந்தமைக்கு. மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். சட்டத்தின் ஆங்கிலப் பெயரை அறியாத அவர்கள், அதன் உயிர்நிலை எங்குள்ளது என்பதை மட்டும் சரியாக அறிந்திருந்தனர்.

பிறமலைக் கள்ளர் வாழும் பெருங்காமநல்லூரில் விரற்பதிவு கொள்ள அதிகாரிகள் காவற்படையோடு வந்தனர். ஊரார் மறுத்தனர். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் படை சுட்டது. மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அம்மக்களுக்காக வழக்காடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று அவர்கள் அன்போடு அழைத்தனர். அப்பெயர் இன்றும் அவ்வட்டாரத்தில் வழங்குகின்றது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் அச்சட்டத்தை எதிர்த்து நெடுங்காலம் போராடினர். சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டிலும், நாடு முழுவதிலும் 1952-ஆம் ஆண்டிலும் அச்சட்டம் ஒழிந்தது.

குலத்தின் பெயரால் கூடியுள்ள சங்கத்தார் நாம். ஆதலின் இவ்வரலாறு நமக்கு இருமடங்கு பாடமாகும். குலப்பெயரும் விரற்பதிவும் ஒரே ஏட்டில் ஒன்று சேர்ந்தால், அவ்வேடு யார் கையிற் சிக்குமோ அவர் கையில் அது வாளாகும். ருவாண்டா நாட்டில் பெல்ஜியர் ஆட்சியில், ஒவ்வொருவர் அட்டையிலும் அவர் ஹூட்டுவா டுட்சியா துவாவா என்று எழுதும் வழக்கம் வந்தது. எழுதினவர் கணக்கெடுப்புக்கென்று எழுதினர். 1994-ஆம் ஆண்டு சாலைத் தடைகளில் நின்ற கொலைஞர் அவ்வட்டையை வாங்கிப் படித்தே, வாழ்வோர் யார் மாள்வோர் யார் எனத் தீர்த்தனர். நூறு நாட்களில் மாண்டவர் எட்டு இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகின்றது. ஏடு எழுதப்படும் காலத்து அரசை மட்டும் நோக்கி நாம் அமைதியடைதல் கூடாது. அறுபதாண்டு கழித்து அதனைக் கையாளப்போகின்றவன் யார் என்பதை எவரும் அறியார்.

இங்கிலாந்து கற்ற பாடம்

இரண்டாம் உலகப்போர் மூண்டபொழுது, 1939-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு தன் குடிகள் அனைவர்க்கும் அடையாள அட்டை வழங்கிற்று. போர்க்காலத் தேவை எனக் கருதி மக்கள் ஏற்றனர். போர் முடிந்தது, அட்டை முடியவில்லை. தெருவிற் செல்வோரைச் சிறுகாரணத்திற்கும் நிறுத்தி அட்டை கேட்கும் வழக்கம் காவலரிடம் வேரூன்றியது. 1950-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளாரன்ஸ் வில்காக் என்பவர் வண்டியோட்டிச் செல்லுகையில் நிறுத்தப்பட்டார். அட்டையைக் காட்ட மறுத்தார். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. தலைமை நீதிபதி காடர்டு பிரபு, சட்டப்படி குற்றமெனினும் தண்டனை எதுவும் இன்றி அவர் விடுவிக்கப்பட்டது சரியே என்று 1951-ஆம் ஆண்டு உரைத்தார். ஒரு காரியத்திற்கென இயற்றிய சட்டத்தைப் பிறிதொரு காரியத்திற்குப் பயன்படுத்துதல், சட்டத்தை மதிக்கும் மக்களைச் சட்டத்தை மீறுவோராக்கும் என்று அவர் எச்சரித்தார். 1952 பிப்ரவரியில் அட்டைகள் ஒழிக்கப்பட்டன.

2006-ஆம் ஆண்டு அந்நாட்டில் விரற்பதிவோடு கூடிய அட்டைக்கு மீண்டும் சட்டம் வந்தது. மக்கள் எதிர்ப்பால் 2010-ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது. திரட்டிய பதிவேட்டை 2011-ஆம் ஆண்டு பொறியிலிட்டு நொறுக்கியும் விட்டனர். 2025 செப்டம்பரில் அந்நாட்டரசு மின்னடையாளத் திட்டமொன்றை அறிவித்தவுடனே, இலட்சக்கணக்கானோர் எதிர்ப்பு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். ஐயுறுவது குடிகளின் உரிமை என அறிந்த மக்கள் அவர்கள்.

நம் நாட்டு ஆதார்

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு ஆதார் ஆணையம் நிறுவப்பட்டது. 2010 செப்டம்பர் 29-ஆம் நாள் மகாராட்டிரத்தின் தெம்பிலி என்னும் பழங்குடிச் சிற்றூரில் முதல் எண் வழங்கப்பட்டது. பன்னிரண்டு இலக்க எண்ணோடு பத்து விரல்களின் பதிவும், இரு கருவிழிகளின் பதிவும், முகப்படமும் ஒருங்கே சேர்க்கப்பட்டன. விரும்பினோர்க்கு மட்டும் என்றே தொடக்கத்திற் சொல்லப்பட்டது. 2016-ஆம் ஆண்டிற்றான் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதற்குள் பல கோடி மக்களின் விரல்கள் பதிவாகிவிட்டன. சட்டம் பிந்தி வந்தது. பொறி முந்திச் சென்றது.

கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி என்னும் முதியவர் 2012-ஆம் ஆண்டு இதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் குடிகளின் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் ஐவர் அமர்வில் நால்வர், அரசின் உதவிகளுக்கு ஆதாரைக் கேட்டல் செல்லும் என்றனர். ஆனால் தனியார் நிறுவனங்கள் அதனைக் கட்டாயமாகக் கேட்டலும், வங்கிக் கணக்கோடும் கைப்பேசி எண்ணோடும் கட்டாயமாக இணைத்தலும் செல்லா என்றனர். பள்ளிச் சேர்க்கைக்கு அது வேண்டியதில்லை என்றும், ஆதார் இன்மையால் எக்குழந்தைக்கும் உதவி மறுக்கலாகாது என்றும் தெளிவாக உரைத்தனர். ஐந்தாமவரான நீதிபதி சந்திரசூட், சட்டமே அரசியலமைப்பிற்கு மாறானது என மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார். 2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ, தாமே விரும்பித் தருவோரின் ஆதாரைப் பயன்படுத்தப் பிறர்க்கும் இடமளித்தது. இத்துணையும் நடந்தபின்னும், தீர்ப்பு வழங்கிய உரிமையை அறிந்தவர் எத்துணைப் பேர்? யாம் பணிசெய்யும் ஆசிரியர் வாழ்க்கையிற் கண்டவரையில், கேட்கக்கூடாத இடத்திற் கேட்போரும், கேட்டவுடன் கொடுப்போருமே மிகுதி.

இம்முறையில் உள்ள குறைகள் நான்கினைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, உழைப்பவன் விரல் தேய்கின்றது. நாற்று நடும் பெண்டிரும், செங்கல் சுமப்போரும், உப்பளத்தில் உழைப்போரும், முதியோரும் தம் விரல் வரிகளை வேலைக்கே கொடுத்துவிட்டவர்கள். எம் தெருவில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், நியாயவிலைக் கடையில் மும்முறை விரலை வைத்தும் பொறி ஏலாமையால், வெறும் பையோடு திரும்பியதை யாம் அறிவோம். கடைக்காரர் அவரைப் பிறந்தநாள் தொட்டு அறிந்த ஊரார். பொறி அறியாதது குறையாயிற்று. சகுந்தலையை மன்னன் அறியாததுபோல் அன்றோ இது? ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டு பதினோரு வயதுச் சிறுமியொருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காமையால் குடும்ப அட்டை நீக்கப்பட்டுப் பட்டினியால் மாண்டாள் எனத் தாய் கூறினார். நோயால் இறந்தாள் என அதிகாரிகள் கூறினர். எது எவ்வாறாயினும், அக்குடும்பத்தின் பெயர் பட்டியலினின்று நீங்கியிருந்தது உண்மை. பொருளியலறிஞர் ழான் திரேஸ் போன்றோர் இக்குறையைப் பல்லாண்டு சுட்டிக்காட்டி வருகின்றனர்.

இரண்டாவது, களவு போனால் மாற்ற இயலாது. பெட்டியின் சாவி போனால் பூட்டை மாற்றலாம். கடவுச்சொல் போனால் வேறு சொல் வைக்கலாம். விரல் வரி போனால் வேறு விரலுக்கு எங்குச் செல்வது? 2018-ஆம் ஆண்டு தெலங்கானாவில், நிலப்பத்திரங்களில் இருந்த விரற்பதிவுகளைப் பார்த்து ரப்பரில் வார்த்துப் போலி விரல் செய்து, கைப்பேசி இணைப்புகளைப் பெற்ற சூழ்ச்சி வெளிப்பட்டது. அவ்வாறே விரற்பதிவு வழிப் பணம் எடுக்கும் முறையிலும் பலர் ஏமாற்றப்பட்டனர். அவ்வாண்டு சனவரியில் டிரிப்யூன் நாளிதழ், ஐந்நூறு உரூபாய்க்கு ஆதார் விவரங்களைக் காணும் வழி விற்கப்படுவதாக எழுதியது. விரற்பதிவுகள் வெளிச்செல்லவில்லை என ஆணையம் மறுத்தது. செய்தி எழுதிய நிருபர்மீதும் வழக்குப் பதிவானது.

மூன்றாவது, பெயரின் இடர். நம் தமிழ் மரபில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயர்முன் இடுகின்றோம். பொறியோ குடும்பப்பெயர் எங்கே என்கின்றது. ஓரேட்டில் முதலெழுத்து முன்னும், மற்றோரேட்டில் பின்னும், இன்னோரேட்டில் தந்தை பெயர் முழுதும் வந்து, ஒரே பிள்ளை மூவராகின்றான். தேர்வு விண்ணப்பக் காலத்தில் இப்பிழை திருத்த ஏழைத் தாயர் ஒருநாட் கூலியை இழந்து வரிசையில் நிற்பதை, ஆசிரியத் தொழிலில் உள்ளார் ஆண்டுதோறும் காண்கின்றனர். பெற்றோர் இட்ட பெயர் பொறிக்கு ஏற்ப வளைகின்றது.

நான்காவது, எல்லாம் ஓரிழையிற் கோக்கப்படுதல். உண்ட அரிசியும், வங்கிப் பணமும், பேசிய கைப்பேசியும், பெற்ற மருத்துவமும் ஒரே எண்ணிற் கோக்கப்பட்டால், ஒரு மனிதனின் வாழ்வு முழுதும் ஒருவன் மேசைமேற் பரப்பிய ஓலையாகும். 2022-ஆம் ஆண்டு இயற்றிய மற்றொரு சட்டம், கைதானோரின் விரல், உள்ளங்கை, கருவிழிப் பதிவுகளைக் கொள்ளவும், அவற்றை எழுபத்தைந்து ஆண்டு காக்கவும் இடமளித்தது. அதற்கு முன்பிருந்த பழைய சட்டம் 1920-ஆம் ஆண்டினது. பெருங்காமநல்லூரில் குண்டு பாய்ந்த ஆண்டும் அதுவே. நூறாண்டில் மையும் தாளும் மறைந்தன; பற்றும் கை நீண்டது.

எதிர்வாதங்களை நோக்குவோம்

"கள்ளம் இல்லாதவனுக்கு அச்சம் ஏன்?" என்பது முதல் வினா. கோவலனிடம் கள்ளம் இருந்ததோ? பெருங்காமநல்லூர்த் தாய் எதைத் திருடினாள்? வீட்டிற்குக் கதவு வைத்தல் உள்ளே களவுப்பொருள் இருத்தலால் அன்று. மானமுள்ள மனிதர் வாழ்தலால் கதவு வைக்கின்றோம்.

"ஏடே இல்லாத ஏழைக்கு ஆதார் ஓர் அடையாளம் தந்ததே" என்பது இரண்டாவது. இதனை யாம் மறுக்கவில்லை. வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் எளியவர்க்கு ஒரு சீட்டுத் துணையாதல் உண்மையே. ஆனால் துணைக்கோல் வேறு, தளை வேறு. பல சான்றுகளுள் ஒன்றாக இருக்கும்வரை அது துணைக்கோல். அஃதின்றேல் அரிசியில்லை, பள்ளியில்லை, மருந்தில்லை எனும் நாளில் அது தளை.

"போலிகளை ஒழிக்க வேறு வழி உண்டோ?" என்பது மூன்றாவது. உண்டு. ஊரறிந்த மக்களை ஊரார் அறிந்து சொல்லுதல் உண்டு. கணக்கைப் பொதுவில் வைத்து யாவரும் படிக்கச் செய்தல் உண்டு. மேலும், எடை குறைத்து அளக்கும் கடைக்காரன் களவை வாங்குவோன் விரற்பதிவு எங்ஙனம் தடுக்கும்? கீழுள்ளோனிடம் சான்று மேல் சான்று கேட்டு, மேலுள்ளோனிடம் கணக்குக் கேளாமை முறையன்று.

நாம் செய்யத்தக்கன

இனி, இப்பேரவையின் முன் எம் வேண்டுகோளைப் பணிவுடன் வைக்கின்றோம்.

சங்கத்தின் குடும்பப் பதிவேட்டிற்கு ஆதார்ப் படி கேட்டலை விட்டுவிடுவோமாக. பெயர், ஊர், இரு உறுப்பினரின் நற்சான்று ஆகியவை போதும். எண்பதாண்டு முன்னர் நம் முன்னோர் சங்கங்கள் கண்டது அம்முறையில்தானே! குலப்பெயர் ஏற்கெனவே உள்ள ஏட்டில் ஆதார் எண்ணையும் சேர்த்துப் பூட்டில்லா அலமாரியில் வைத்தல், யாரோ ஒருவருக்கு நாமே கருவி செய்து கொடுத்தலாகும். 2023-ஆம் ஆண்டு தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாயின. பிறர் விவரங்களைக் கணினியில் திரட்டி வைப்போர்க்கு அவற்றைக் காக்கும் கடமையுண்டென அது விதிக்கின்றது. வேண்டாதவற்றைத் திரட்டாமையே காப்பினுட் சிறந்த காப்பு.

உதவிப்பணம் வேண்டும் மாணவர்க்கு, பள்ளித் தலைமையாசிரியர் சான்றே போதுமெனத் தீர்மானிப்போமாக. முன்னர் வாங்கி வைத்துள்ள படிகளை, உரியவர்க்கே திருப்பி அளிப்போமாக.

விடுதியில் விரற்பதிவுப் பொறி வேண்டா. பிள்ளைகளை விடுதிக்காப்பாளர் பெயர்சொல்லி அழைத்து, "உள்ளேன் ஐயா" எனும் விடையைக் கேட்டு, முகத்தை நோக்குதல் வேண்டும். அழைப்பவர் குரலில் அன்பும், விடையளிப்பவன் குரலில் வாட்டமோ மகிழ்ச்சியோ உண்டு. நேற்றிரவு உண்ணாத பிள்ளையை ஆசிரியர் கண் அறியும், பொறி அறியாது.

எங்கேனும் ஆதார் படி கொடுத்தே தீரவேண்டின், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்புப் படியைக் கொடுங்கள்; அதன்மேல் எக்காரியத்திற்கு, எந்நாளில் கொடுத்தீர் என்று எழுதிக் கொடுங்கள். இராமன் கொடுத்த கணையாழிபோல் அஃது ஒரு காரியத்திற்கே ஆகுக. விரற்பதிவைப் பூட்டிவைக்கும் வசதியை ஆணையமே அளிக்கின்றது. நம் இளைஞர் அதனை வீட்டுப் பெரியோர்க்குச் செய்து தருவாராக.

இறுதியாக, விரல் பொருந்தாமையால் அரிசியின்றித் திரும்பும் முதியோர் நம் குலத்தாராயினும் பிற குலத்தாராயினும், அவரோடு கடைவரை நம் இளைஞர் ஒருவர் சென்று, மாற்றுவழியில் பொருள் வழங்குமாறு வற்புறுத்தி வாங்கித் தருதல் வேண்டும். மறுப்பின் மனு எழுதித் தருதல் வேண்டும். ஆண்டுதோறும் மண்டபத்திற்கு வண்ணம் பூசுவதினும் இத்தொண்டு சங்கத்திற்கு அழகு செய்யும்.

அரசை வெறுக்குமாறு யாம் கூறவில்லை. வரி செலுத்துவோம், சட்டத்தை மதிப்போம், நீதிமன்றம் வகுத்த எல்லைக்குள் கேட்பவற்றைக் கொடுப்போம். ஆயினும் கேட்கக்கூடாததைக் கேட்பவரிடம், ஏன் என்று வினவும் துணிவை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். காய்கனிக் கூடையை இறக்கிவைத்துச் சிறைக்குச் சென்ற டிரான்ஸ்வால் தமிழரும், மண்ணிற் சாய்ந்த பெருங்காமநல்லூராரும் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அவ்வினாவே. இரு தீர்மானங்களையும் கொணர்ந்த அன்பர்களே இவற்றைத் திருத்தி அமைக்க முன்வருவரேல், சங்கம் அவர்களை என்றும் வாழ்த்தும்.